பாட்டின் உட்பொருள் யாருக்கு உரியது?

பாட்டு ஒன்று, கேட்போர் பலர். பாடியவன் எண்ணியது ஒன்றாகவும் கேட்டவன் கொண்டது வேறாகவும் அமைவது உலகத்து இயல்பு. தாலாட்டைக் கேட்டு உறங்குவது குழந்தை. அதே தாலாட்டைக் கேட்டுக் கண் கலங்குகிறாள், மகளை மணம் முடித்துத் தொலைவூருக்கு அனுப்பிய பக்கத்து வீட்டுத் தாய். ஒலி ஒன்றே, பொருள் இரண்டு. இவற்றுள் எது மெய்ப்பொருள்? பாட்டினுள் ஆன்மிகப் பொருள் ஒன்றைக் கண்டதாகக் கூறுபவனுக்கு அப்பொருளின்மேல் உள்ள உரிமை யாது? இவ்வினா புலவர் அவைக்கு மட்டும் உரியதன்று. நம் வீட்டுப் பிள்ளைகள் இன்று எழுப்பும் வினாவும் இதுவே.

சித்திரபுரத்திலும் அதனைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலும் வாழும் தமிழ்ப் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசி, கடைத்தெருவில் மலையாளம் பேசி, உலகத்து இசை முழுவதையும் செவிமடுத்து வளர்கின்றனர். அவர்கள் கூடிப் பேசுமிடத்தில் ராக் இசைக் குழுக்களின் பாடல்கள் தவறாமல் இடம்பெறுகின்றன. கிதாரையும் முரசையும் பற்றித் தொடங்கும் பேச்சு, "இந்தப் பாட்டு உண்மையில் எதைச் சொல்கிறது?" என்னும் இடத்தில் வந்து நிற்கின்றது. பெரியோர் சிலர் இவை யாவும் வெற்றிரைச்சல் என்று ஒதுக்குகின்றனர். இரைச்சலுக்குள் பொருள் தேடும் இளைஞரை எள்ளுதல் எளிது. அவர்தம் தேட்டத்தை ஆராய்ந்து பார்ப்பதே முறை.

பாம்பின் பயணம்

திருவனந்தபுரத்தில் தோன்றிய 'அவியல்' என்னும் மலையாள ராக் குழுவை எடுத்துக்கொள்வோம். நம் இலையில் இடம்பெறும் அவியலின் பெயரையே சூட்டிக்கொண்ட அக்குழு, 2008ஆம் ஆண்டில் அதே பெயரில் ஓர் இசைத்தொகுப்பை வெளியிட்டது. அதிலுள்ள பாடல்களுள் ஒன்று 'ஆடு பாம்பே'. மின் கிதார்களின் முழக்கத்தோடு ஒலிக்கும் அப்பாடலை வெறும் பாம்பாட்டிப் பாட்டாகக் கேட்டு ஆடுவோர் உண்டு. பாம்பு என்பது மனம் என்போரும், மூலாதாரத்தில் சுருண்டு கிடக்கும் குண்டலினி என்போரும் உண்டு.

பின்னவர் கூற்றுக்குச் சான்று உள்ளது. அப்பாடல் நாராயண குரு இயற்றிய குண்டலினிப் பாட்டை அடியொற்றியது. 1856இல் செம்பழந்தியில் பிறந்து 1928இல் சிவகிரியில் மறைந்த அப்பெரியார் தமிழ் நன்கறிந்தவர். தமிழிலும் பதிகங்கள் பாடியவர். திருக்குறளின் ஒரு பகுதியை மலையாளத்திற்குக் கொண்டு சென்றவர். குமரி நாட்டு மருத்துவாழ் மலையில் தவமிருந்தவர். அவருடைய குண்டலினிப் பாட்டின் அமைப்போ நம் பாம்பாட்டிச் சித்தரை நினைவூட்டுவது. பாட்டுக்குப் பாட்டுப் பாம்பை விளித்து ஆடச் சொல்லும் முறை அச்சித்தருடையது. கோயம்புத்தூரை அடுத்த மருதமலையில் அவர் பெயரால் வழங்கும் குகையைப் பாலக்காட்டுத் தமிழர் பலரும் கண்டிருப்பர்.

ஆகவே, சித்தர் ஒருவரின் தமிழில் ஆடத் தொடங்கிய பாம்பு, துறவி ஒருவரின் மலையாளத்தில் புகுந்து, இளைஞர் குழுவொன்றின் மின்னிசையில் படமெடுத்து, மீண்டும் தமிழ்ப் பிள்ளைகளின் செவிக்கு வந்து சேர்ந்துள்ளது. இவ்வரலாற்றை அறிந்ததும் நம்மவர் நெஞ்சில் எழும் முதல் உணர்ச்சி, "பார்த்தீர்களா, பாட்டு நம்முடையது!" என்பதே. பெருமிதம் இயல்பானதுதான். ஆயினும் பாட்டின் பிறப்பிடத்தைக் கண்டறிவது வேறு. அதன் பொருளை அடைவது வேறு. ஆற்றின் ஊற்றுக்கண்ணை அறிந்தவன் நீர் பருகியவன் ஆகான்.

இரு கட்சிகள்

பாட்டின் பொருள் பற்றி இரு கட்சிகள் உள. பாடியவன் கருதியதே பொருள் என்பது முதற்கட்சி. கேட்டவன் கொண்டதே பொருள் என்பது இரண்டாவது.

முதற்கட்சி முழுமையாக நிற்காது என்பதற்கு மேலை நாட்டில் ஒரு சான்று உண்டு. பீட்டில்ஸ் குழுவினருள் ஒருவரான ஜார்ஜ் ஹாரிசன், 1970இல் 'மை ஸ்வீட் லார்ட்' என்னும் பாடலை வெளியிட்டார். அல்லேலூயா என்னும் துதியும் ஹரே கிருஷ்ணா என்னும் நாமமும் அதன் பின்பாட்டில் அடுத்தடுத்து ஒலித்தன. இறைவன் ஒருவனே என்று அதில் கண்டு உருகியவர் பலர். 1976இல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று, அதன் மெட்டு முந்தைய பாடல் ஒன்றிலிருந்து அவரை அறியாமலே எடுக்கப்பட்டது என்று தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பால், அதற்கு முன்பு அப்பாடலைக் கேட்டு ஒருவன் நெஞ்சில் ஊறிய பக்தி பொய்யாகிவிட்டதா? ஆகவில்லை. பாடியவன் பட்ட கடன் பாடியவனைச் சாரும். கேட்டவன் பெற்ற ஒளி கேட்டவனைச் சாரும்.

அப்படியாயின் இரண்டாம் கட்சியே வென்றதோ? அதுவும் இல்லை. கேட்டவன் கொண்டதெல்லாம் பொருள் என்றால், எதனையும் எதுவாகவும் சொல்லிவிடலாம். மயக்கத்தை ஞானம் என்றும், வெறியை வீரம் என்றும் கொண்டாடலாம். அளவுகோல் ஒன்று வேண்டும்.

அவ்வளவுகோலை நம் மரபே தந்துள்ளது. மாணிக்கவாசகர் அருளிய திருக்கோவையார் நானூறு பாடல்களும் வெளித்தோற்றத்தில் காதற்பாடல்கள். அகப்பொருள் வழிநின்று பேராசிரியர் அதற்கு உரை வகுத்தார். சைவச் சான்றோர் அதனுள் ஆன்மாவுக்கும் இறைவனுக்கும் உள்ள உறவைக் கண்டனர். ஆகக் காதற்பாட்டில் கடவுளைக் காண்பது இன்றைய இளைஞர் தொடங்கிய வழக்கமன்று. தில்லையில் வழங்கும் மரபுக்கதை நாம் அறிந்ததே. பாடல்களின் பொருள் யாது என்று வினவியோர்க்கு மாணிக்கவாசகர் பதவுரையோ பொழிப்புரையோ கூறவில்லை. கூத்தப்பெருமானைச் சுட்டிக்காட்டி, 'இவனே பொருள்' என்று கூறித் தாமும் அவனுள் கலந்தார். இதனைக் கதையாகவே கொள்ளினும் அதன் கருத்து ஆழமானது. பொருள் என்பது சொல்லி முடிப்பதன்று, சென்று சேர்வது. உட்பொருள் கண்டேன் என்பவன் அப்பொருளை நோக்கி ஓர் அடியேனும் நடந்திருக்க வேண்டும்.

கண்ணாடியும் கல்லும்

நாராயண குருவின் வாழ்வையே பார்ப்போம். 1927இல், சேர்த்தலையை அடுத்த களவங்கோடத்தில் அவர் கருவறையில் ஒரு கண்ணாடியை நிறுவினார். வழிபட வந்தவன் அங்குத் தன்னையே கண்டான். பாட்டும் ஒருவகையில் அத்தகைய கண்ணாடியே. எதிரே நிற்பவனைத்தான் அது காட்டும். அதனாலேயே ஒரே பாட்டில் ஒருவன் வெறியையும் மற்றொருவன் விடுதலையையும் காண்கிறான்.

ஆனால் கண்ணாடியை நிறுவிய அதே கைகள் முன்னர் ஒரு கல்லையும் நிறுவின என்பதை மறத்தலாகாது. கோயிலில் சிலை நிறுவும் உரிமை பிறப்பால் சிலருக்கே என்றிருந்த காலத்தில், 1888இல், அருவிப்புறத்து ஆற்றிலிருந்து எடுத்த கல்லைச் சிவலிங்கமாக அவர் நிறுவினார். சாதி வேற்றுமையும் மதப்பகையும் இன்றி எல்லாரும் உடன்பிறந்தாராய் வாழும் இடம் அது என்று அங்கே எழுதச் செய்தார். உள்ளே பாம்பை எழுப்பியவர் வெளியே பெரும்பாறை ஒன்றையும் அசைத்தார். குண்டலினிப் பாட்டின் உரையைத் தேடுவோர் அருவிப்புறத்தையும் சேர்த்தே படித்தல் வேண்டும்.

இங்கேதான் நம் நிலை சோதனைக்கு உள்ளாகின்றது. நம் முன்னோர் பிழைப்புக்காக மலையேறியபோது வீட்டையும் நிலத்தையும் விட்டு வந்தனர். தெருவை மட்டும் உடன் கொண்டுவந்தனர். புதியவனிடம் பெயரைக் கேட்டதும் ஊரைக் கேட்டு, ஊரைக் கேட்டதும் தெருவைக் கேட்கும் வழக்கம் இன்னும் நம்மிடம் உண்டு. பாம்பு என்பது அகந்தை என்று மாலையில் அழகாக விளக்கிய ஓர் இளைஞன், மறுநாள் தன் தங்கையின் திருமணப் பேச்சில் தெருவைக் கேட்பானாயின், அவன் அப்பாட்டைக் கேட்டவன் ஆகான்.

மற்றொரு சோதனையும் உண்டு. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பற்றிய பூசல் முற்றியபோது, இந்த எல்லைப்புறத்தில் நெடுநாள் அண்டையராய் வாழ்ந்தோரிடையேயும் ஐயமும் அச்சமும் புகுந்தன. அத்தகைய நாளில், "சித்தர் எங்களவர்" என்று தமிழனும், "குரு எங்களவர்" என்று மலையாளியும் பாட்டைப் பங்கு பிரித்துக்கொண்டால் பாட்டு எவருக்கும் இல்லாமற்போகும். இரு மொழியிலும் ஆடிய பாம்பு இரு வீட்டாரையும் ஒருசேர அழைக்கின்றது என்று உணர்ந்து, அஞ்சியிருக்கும் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டி நலம் கேட்பவனே அதன் பொருளை அறிந்தவன்.

விசையும் விளக்கும்

"பாட்டைப் பாட்டாகக் கேட்டு மகிழ்தல் தவறா? ஒவ்வொன்றுக்கும் கடமை ஒன்றைக் கட்ட வேண்டுமா?" என்று சிலர் வினவலாம். தவறன்று. இசையின்பம் தன்னளவில் நல்லது. உழைத்துக் களைத்த உடலுக்கு அது மருந்து. எல்லாப் பாட்டிலும் ஆன்மிகம் தேட வேண்டியதும் இல்லை. ஆனால் "இதில் ஆன்மிகம் உள்ளது" என்று ஒருவன் வாய்திறந்து சொல்லும் கணத்தில் ஒரு கடமையை ஏற்றுக்கொள்கிறான். இன்பத்திற்கு விலையில்லை; பொருளுக்கு விலையுண்டு. அவ்விலை ஒழுக்கம்.

நம் கண்முன் உள்ள பள்ளிவாசல் மின்திட்டத்தை எண்ணிப் பார்க்கலாம். முதிரப்புழையாற்று நீரைக் குழாய்களின் வழியே இறக்கிச் சக்கரங்களைச் சுழற்றி 1940இல் மின்சாரம் எடுக்கத் தொடங்கினர். அதற்கு முன்பும் அந்நீர் அதே விசையோடு மலையிலிருந்து விழுந்துகொண்டுதான் இருந்தது. கண்டோர் வியந்தனர், வெறுமனே வீழ்ந்த நீரால் ஒரு வீட்டிலும் விளக்கு எரியவில்லை. ராக் இசைக்கும் அத்தகைய விசை உண்டு. கேட்போரின் குருதியைச் சூடேற்றி, தனிமையை மறக்கச் செய்து, தம்மினும் பெரிய ஏதோ ஒன்றில் கரைக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. அவ்விசையை வாழ்க்கையென்னும் சக்கரத்தின்மேல் செலுத்தாவிடின் அது வீழ்ந்து ஒலித்து ஓடிவிடும். செலுத்தினால் யாரோ ஒருவர் வீட்டில் விளக்கு எரியும்.

எனவே பாட்டின் உட்பொருள் பாடியவனுக்கு மட்டும் உரியதன்று. கேட்டவனுக்கு விலையின்றி வாய்ப்பதும் அன்று. அதனை வாழ்ந்து காட்டுபவனுக்கே அது உரியது. அவன் சித்தர் மரபினனா, குருவின் அடியவனா, கிதார் ஏந்திய இளைஞனா என்பது பொருட்டன்று.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளை அத்தகைய பாட்டொன்றைக் கேட்டு மெய்ம்மறந்திருக்கக் கண்டால், "என்ன இரைச்சல் இது?" என்று கேளாதீர்கள். அருகில் அமர்ந்து, "இதில் நீ என்ன கண்டாய்?" என்று கேளுங்கள். அவன் சொல்லி முடித்தபின், "கண்டதை என்ன செய்யப் போகிறாய்?" என்றும் கேளுங்கள். முதல் வினா அவனை உங்களுக்கு நண்பனாக்கும். இரண்டாம் வினா அவனை மனிதனாக்கும். அவ்விரண்டாம் வினாவை, நாம் நாள்தோறும் பாடும் தேவார திருவாசகங்களின் முன்னின்று நம்மையும் நாம் கேட்டுக்கொள்வது நலம்.