சொல்லாத தலைவலி

2016 பொங்கலுக்குப் பக்கத்து ஊரில் மின்னொளிக் கபடி. எங்கள் காலனி அணிக்கு நான்தான் பொறுப்பு. அரையிறுதியில் எதிரே நின்றது ஊர்த்தெரு அணி. எங்களில் பாடிப்போகிற பையனுக்குப் பதினேழு வயசு. மூணு பேர் சேர்ந்து மடக்கியதில் ஒருத்தன் முழங்கால் இவன் நெற்றிப்பொட்டில் இறங்கியது. கொஞ்ச நேரம் எழவில்லை. எழுந்தபோது பார்வை எங்கேயோ இருந்தது. 'எத்தன பாயிண்டுண்ணே?' என்று ரெண்டு தடவை கேட்டான். மூஞ்சியில் சோடா அடித்து, 'ஒண்ணுமில்லடா, போ' என்றேன். அவனும் 'ஒண்ணுமில்லண்ணே' என்றான். ஜெயித்தோம். தோளில் தூக்கி வந்தோம். ராத்திரி முழுக்க வாந்தி எடுத்தானென்று மறுநாள் அவன் அம்மா சொல்லித்தான் தெரியும்.

பிழைத்துக்கொண்டான். ஆனால் மூணு மாசம் தலைவலி. வெளிச்சம் ஆகவில்லை. பிளஸ் டூ பாடம் மனசில் நிற்கவில்லை. 'ஏண்டா அப்பவே சொல்லல?' என்றேன். 'சொல்லியிருந்தா உக்கார வச்சிருப்பீங்களாண்ணே?' என்றான்.

அவனுக்கு வந்தது மூளையதிர்ச்சி. ரத்தம் வராது, எலும்பு முறியாது, ஸ்கேனிலும் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. அடிபட்டவன் வாய்திறந்து சொன்னால்தான் பலதும் வெளியே வரும். அது ஆறுமுன் இன்னொரு அடி விழுந்தால், அபூர்வமாக என்றாலும், இளம் மூளை வீங்கிச் சாவுகூட நேரும்.

இது படிக்காத காலனிப் பையனின் அறியாமையா? அமெரிக்காவில் மில்வாக்கி வட்டாரத்தில், அவர்கள் பாணிக் கால்பந்து ஆடும் 1,532 பள்ளிப் பையன்களிடம் கேட்ட ஆய்வொன்று 2004இல் வெளிவந்தது. அந்த ஆட்டப் பருவத்தில் மூளையதிர்ச்சி கண்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் யாரிடமும் சொல்லவில்லை. பெரிய அடி என்று நினைக்கவில்லை, ஆட்டத்தைவிட்டு எடுத்துவிடுவார்கள், கூட ஆடுகிறவர்களைக் கைவிடக் கூடாது — இவைதான் காரணங்கள். எங்க பையன் சொன்னதும் இதுதான்.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. வசதியான வீட்டுப் பையன் உட்கார்ந்தால் ஒரு ஆட்டம் போகும். இவன் உட்கார்ந்தால் விளையாட்டுச் சான்றிதழ் போகும், அதை நம்பியிருக்கிற கல்லூரி சீட்டு போகும், போலீஸ் வேலைக் கனவு போகும். 'சேரிப்பய ஒரு அடி தாங்கல' என்ற பேச்சும் வரும். உடம்பைத் தவிர முதலில்லாதவன் உடம்பு கெட்டதை எப்படிச் சொல்வான்? என் அப்பா காய்ச்சலோடு செங்கல் சூளைக்குப் போனார். சொன்னால் அன்றைக்குக் கூலி இல்லை. சொல்லாமலிருப்பதை நாங்கள் மைதானத்தில் கற்கவில்லை, வீட்டில் கற்றோம்.

தமிழ் எம்.ஏ. வகுப்பில் விழுப்புண்ணின் பெருமையைப் படித்தேன். முதுகில் புண்பட்ட சேர மன்னன் நாணி வடக்கிருந்ததைப் படித்தேன். மன்னனின் புண்ணுக்குப் பாட்டு உண்டு. செங்கல் சுமந்து புண்ணான முதுகுக்கு அந்தப் பாடத்தில் இடமில்லை. அந்த வீரத்தைத்தான் நானும் பையனிடம் எதிர்பார்த்தேன்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஊர்த்தெருவிடம் நாம் பட்ட அவமானம் எல்லோருடையது. அதை ஒரு ஆட்டத்தில் தீர்க்கத் தலையைக் கொடுத்தவன் அவன் ஒருத்தன். மேல்சாதிக்காரன் நம் உடம்பைச் செலவழிப்பதைக் கேள்வி கேட்கிற நாம், நம் பிள்ளையின் உடம்பை நம் மானத்துக்குச் செலவழிக்கலாமா? அன்று அதைச் செய்தவன் நான்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2006இல் தலையில் அடிபட்டபின் மறுபடி இறக்கப்பட்ட 13 வயதுப் பையன் மூளை பாதித்துச் சரிந்தான். அவன் பெயரில் 2009இல் சட்டம் வந்தது: சந்தேகம் வந்தாலே வெளியே எடு, மருத்துவம் தெரிந்தவர் எழுதித் தராமல் இறக்காதே. இதில் எனக்குப் பட்டது ஒன்று. பையனின் 'ஒண்ணுமில்ல'யை வைத்து முடிவெடுக்கும் வேலை இல்லை. பொறுப்பு பெரியவர்கள்மேல் வந்துவிடுகிறது.

இப்போது எங்கள் அணியில் தலையில் அடிபட்டவனை யாரும் கேட்பதில்லை. வெளியே எடுத்துவிடுகிறோம். தேறி வந்தால் அவன் இடம் அவனுக்குத்தான். போன வருஷம் இப்படி ஒருத்தனை உட்காரவைத்துத் தோற்றோம். காலனியில் எனக்கு நல்ல ஏச்சு. கேட்டுக்கொண்டேன்.