அரைக் கிலோ வேர்

நண்பரின் பாய்மரப் படகில் பிஜியின் லாவ் தீவுகளுக்குப் போயிருந்தேன். அங்கே நங்கூரம் போட்டவுடன் நீந்தக் கூடாது, தூண்டில் போடக் கூடாது. முதலில் கரையேறி, காவா வேர்க் கட்டொன்றை ஊர்த் தலைவரின் முன் தரையில் வைக்க வேண்டும்; கையில் கொடுப்பதில்லை. இதைச் 'செவுசெவு' என்பார்கள். ஏற்றுக்கொண்டால் நாங்கள் விருந்தாளிகள். எங்களைக் காப்பது ஊரின் பொறுப்பு.

முதியவர் கட்டைத் தொட்டு ஏதோ சொல்லிக் கைதட்டினார். எனக்கோ வெட்கமாக இருந்தது. அரைக் கிலோ வேரைச் சந்தையில் வாங்கும்போதே எந்தப் பவளத்திட்டில் முக்குளிப்பது என்று பேசி முடித்திருந்தோம். மறுப்புக்கு இடம் வைக்காமல் கேட்பது, கேட்பதாகுமா?

"இதுவரைக்கும் ஒருத்தரும் மறுக்கேல்ல" என்று நண்பர் சிரித்தார்.

முதியவருக்கும் இது தெரிந்திருக்கலாம். தெரிந்துதான் பொறுப்பேற்றாரோ?

அன்று மாலை நண்பர் பிடித்த மீனை நான் தொடவில்லை. பட்டினி கிடக்கவும் இல்லை. ஊரார் கொடுத்தனுப்பிய மரவள்ளிக்கிழங்கைத் தின்றேன்.