பெயர் தெரிந்த பிறகு

‘தீன் இசை மாலை’ என்ற தமிழ் இஸ்லாமியப் பாடல் தொகுப்பு வெளியான ஆண்டு 1989. இசை ஏ.எஸ்.திலீப்குமார், அதாவது பின்னாளின் ஏ.ஆர்.ரஹ்மான். ‘ரோஜா’ படம் வர இன்னும் மூன்று வருடம் கிடந்தது, ரஹ்மான் என்றால் யாருக்கும் தெரியாது. கசெட்டும் எடுபடவில்லை.

புல்மோட்டையில் எங்கள் வீட்டுக்கு இலங்கை வானொலி முஸ்லிம் சேவையும் நாகூர் ஹனீபாவும் போதுமாயிருந்தன. அந்தக் கசெட் ஊருக்குள் வந்ததாக வாப்பாவுக்கு ஞாபகமே இல்லை. நான் அதைக் கேட்டது அண்மையில்தான், குச்சவெளிப் பக்கமிருந்து வரும்போது மச்சானின் ஆட்டோவில். பென்டிரைவில் என்னவோ பாடிக்கொண்டிருந்தது; நான் போனில் மீன் விலை பேசிக்கொண்டிருந்தேன். எதிரே இல்மனைட் லொறி ஒன்று போய் முடிந்ததும் மச்சான் திரும்பி, “இது யாருட மியூசிக் தெரியுமா? ரஹ்மான்ட” என்றார்.

போனை வைத்துவிட்டேன். “திரும்பப் போடுங்க மச்சான்.”

இரண்டாம் முறை ஒவ்வொரு இடையிசையிலும் ‘ரோஜா’வைத் தேடினேன். அகப்பட்ட மாதிரியும் இருந்தது. தேடிக்கொண்டு போனால் எதில்தான் அகப்படாது! அந்த இருபத்திரண்டு வயதுக்காரர் ‘ரோஜா’வை நோக்கியா நடந்துகொண்டிருந்தார்? ஒன்பது வயதில் தகப்பன் ஆர்.கே.சேகரை இழந்து, வீட்டுக்காகக் கீபோர்டில் உட்கார்ந்தவர். நெமிசிஸ் அவென்யூ என்று ஒரு ரொக் குழு, பிறருக்கு வாசிப்பு, விளம்பர இசை. இஸ்லாத்துக்கு வந்ததும் அதை ஒட்டிய காலந்தான். கையிலிருந்த வேலையைப் பார்த்தார், அவ்வளவே. 1991இல் அவர் இசையில் மால்குடி சுபா பாடிய ‘செட் மீ ஃப்ரீ’ என்ற ஆங்கிலத் தொகுப்பும் கவனிப்பாரற்றுப் போனது. உண்மையைச் சொன்னால் எனக்கு அதுதான் கூடுதலாகப் பிடிக்கிறது. ‘தீன் இசை மாலை’ நல்ல பிள்ளையாக வரம்புக்குள் நிற்கிறது.

அன்று அந்தக் கசெட்டைக் கேட்டுவிட்டு அப்பால் போனவர்களை ரசனை கெட்டவர்கள் என்று எழுதிவிடுவது சுலபம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர்களுக்குப் பாட்டு மட்டுந்தான் கேட்டது. பிடித்திருந்தால் பிடித்தது, இல்லாவிட்டால் இல்லை. பெயர் தெரிந்த பிறகு அந்த நேர்மையான காது எனக்கு வாய்க்காது.

எங்கள் பக்கத்துப் பாடசாலை மீலாத் விழாவில் ஒரு பொடியன் கீபோர்ட் வாசித்தான். பாடல் இறங்குகிற இடத்தில், சொல்லிக்கொடுத்தது போலில்லாமல், ஒரு சின்னச் சுழிப்புப் போட்டான். நிமிர்ந்து உட்கார்ந்தேன். பக்கத்திலிருந்த நானா என் தொடையில் தட்டி, “பாருங்க, ரஹ்மான் மாதிரி வருவான்” என்றார். நல்லெண்ணத்தில் சொன்னதுதான். நானும் பொடியனை விட்டுவிட்டு அவனுடைய எதிர்காலத்தைக் கேட்கத் தொடங்கினேன். அதற்குள் பாட்டு முடிந்து அதிபர் பேச வந்துவிட்டார்.