பதிவேட்டில் உள்ள பெயர்

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவு 2025 நவம்பரில் சுருங்கிப்போனது. 2023-இல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 44(3) பிரிவு செய்த வேலை அது. பொதுப்பணியோடு தொடர்பில்லாத அந்தரங்கத் தகவலைத்தான் முன்பு மறுக்க முடியும். பொதுநலன் பெரிதென்றால் அதையும் கொடுத்தாக வேண்டும். நாடாளுமன்றத்துக்கு மறுக்க முடியாததைக் குடிமகனுக்கும் மறுக்கலாகாது என்ற வரியும் அங்கே இருந்தது. இப்போது ‘தனிநபர் தகவல்’ என்ற இரண்டு சொல் போதும், கதவைச் சாத்திவிடலாம். இது அறமாகாது. மக்கள் பணத்தைக் கையாளும் கை மக்களுக்குத் தெரிந்தாக வேண்டும்.

இந்த உரிமை தானாக வந்ததல்ல. ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு 1994 முதல் பொது விசாரணைகளை நடத்தியது. பந்தலடியில் ஊர் கூடியிருக்க, கூலி வேலையின் மஸ்டர் ரோலை ஒருவர் உரக்க வாசிப்பார்: இன்னார், இத்தனை நாள், இவ்வளவு கூலி. வேலைக்கே போகாதவர் பெயரில் கைநாட்டு இருக்கும். செத்துப்போனவர் பெயரிலும் கூலி எழுதியிருக்கும். “அவர் போய்ச் சேர்ந்து எவ்வளவு காலமாச்சு!” என்று எழுந்து சொல்ல, பெயர் காதில் விழ வேண்டுமல்லவா? பெயரை மறைத்துவிட்டு அந்தப் பதிவேட்டை வாசித்திருந்தால் திருட்டு திருட்டாகவே போயிருக்கும். தகவல் அறியும் உரிமையைக் கேட்டு 1996-இல் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா இருந்தார்கள். தமிழ்நாடு 1997-இலேயே இதற்கென ஒரு சட்டம் இயற்றியது. நாடு முழுமைக்குமான சட்டம் 2005-இல் வந்தது.

நம் மரபும் இந்தப் பக்கமே நிற்கிறது. எளிதில் காணக் கிடைப்பவனையே நல்லரசன் என்கிறது வள்ளுவரின் இறைமாட்சி அதிகாரம். நாள்தோறும் ஆராயாத ஆட்சி நாள்தோறும் தேயும் என்று கொடுங்கோன்மை அதிகாரம் எச்சரிக்கிறது. மனுநீதிச் சோழன் கதையில் ஆராய்ச்சி மணி மாட்டுக்கும் எட்டும் உயரத்தில் தொங்கியது. அரசியின் காற்சிலம்பைவிட அந்தரங்கமான பொருள் ஏது? ஆனாலும் அதன் பரல் முத்து என்பதைச் சிலப்பதிகாரத்துப் பாண்டியன் அவையிலேயே சொன்னான். கோவலனிடமிருந்து கைப்பற்றிய சிலம்பையும் கண்ணகியின் முன்னே வைக்கச் செய்தான். உத்திரமேரூர்க் கல்வெட்டோ, வாரியப் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரை மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினரையும் குடவோலையிலிருந்து விலக்கியது. அந்தச் சபையில் எல்லோருக்கும் இடமிருக்கவில்லை என்பது உண்மை. ஆயினும் அந்த விதியை ஓலையில் எழுதிப் பூட்டிவைக்காமல் எவரும் காணச் சுவரில் வெட்டினார்கள்.

அந்தரங்கமும் அடிப்படை உரிமைதான். 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு அப்படித் தீர்ப்பளித்தது. ஒருவருடைய ஆதார் எண்ணையோ நோய் விவரத்தையோ ஊருக்குச் சொல்ல எவரும் கேட்கவில்லை. அவற்றைப் பழைய பிரிவே காத்து நின்றது.

பொதுநலனுக்காகத் தகவல் தரலாம் என்னும் 8(2) பிரிவு இன்னும் இருக்கிறதே என்று அரசுத் தரப்பு சொல்கிறது. அந்தப் பிரிவு அலுவலரின் மனத்தை நம்பி நிற்பது. தகவல் கொடுத்தால் மேலிடத்தின் முகம் சுளிக்கும்; மறுத்தால் ஒரு வரிக் கடிதத்தோடு வேலை முடியும். நெருக்கடியில் இருக்கும் மனிதர் எதைத் தேர்வார்? பத்து ரூபாய் கட்டி மனுப் போட்ட கூலிப்பெண் முப்பது நாள் காத்திருந்து அந்த ஒரு வரியைப் பெறுவார். பிறகு மேல்முறையீடு, அதன் பிறகு ஆணையம். ஒவ்வொரு நடைக்கும் ஒருநாள் கூலி போகும்.

நீக்கிய வரிகளை நாடாளுமன்றம் திரும்பச் சேர்க்க வேண்டும். அதுவரை, பொதுநலனை எப்படி எடைபோட்டுப் பார்த்தார் என்பதை மறுப்புக் கடிதம் ஒவ்வொன்றிலும் அலுவலர் தன் கையெழுத்துக்கு மேலே எழுதட்டும்.