ஷஹீதின் பதவியும் நம் அமானிதமும்

பிரசவத்தில் உயிர் நீக்கும் பெண்ணுக்கு ஷஹீதின் பதவி உண்டு என்று ஹதீஸில் வந்திருக்கிறது. மய்யித்து வீட்டில் இதைச் சொல்லித்தான் நாம் ஒருவரையொருவர் தேற்றிக்கொள்கிறோம். தேற்றுவது சரி. ஆனால் அந்தப் பதவி அவளுக்குரியது. அவளைக் காக்கத் தவறியவர்களின் பொறுப்பை அது நீக்கிவிடுமா?

பல்லாவரம், பம்மல், நாகல்கேணிப் பகுதிகளில் தோல் ஷாப்பிலும் கல் குவாரியிலும் கூலி வேலை பார்த்த குடும்பங்களுக்கு ஒரு காலத்தில் மருத்துவச்சிதான் கதி. 1931 முதல் தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடியது. ஆனால் கடைசி ரயிலும் போன பிறகு நோவு கண்டால், எழும்பூர் ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவது? கூப்பிட்ட குரலுக்கு எழுந்து வந்தவள் மருத்துவச்சி. கொடுத்ததை வாங்கிக்கொண்டு போனவள். அவளுக்கு நாம் கடன்பட்டவர்கள்.

தேர்ந்த மருத்துவச்சிக்குத் தன் கையின் எல்லை தெரியும். பிள்ளை குறுக்கே கிடந்தாலோ, நஞ்சு விழாமல் உதிரம் கொட்டினாலோ, "இனி என்னால் ஆகாது, தூக்கிக்கொண்டு போங்கள்" என்பாள். அதற்குப் பிறகுதான் வீட்டில் யோசனை தொடங்கும். அந்நிய ஆண் பார்ப்பாரே, செலவாகுமே, அல்லாஹ் விட்ட வழி ஆகட்டுமே! கட்டுக்கடங்காத உதிரப்போக்கு இரண்டு மணி நேரத்திலேயே உயிரைக் கொண்டுபோய்விடும். அந்த நேரத்தை வீணாக்கியது மருத்துவச்சியா, நாமா?

கோஷா என்ற காரணமும் நிற்காது. திரை காக்கும் பெண்களுக்காகவே சென்னையில் 1885-ல் ஓர் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரி என்று நாம் இன்றும் சொல்வது அதைத்தான். பெண் மருத்துவர் கிடைக்காதபோது, அவசியத்தின் அளவுக்கு ஆண் மருத்துவர் பார்க்க ஃபிக்ஹு நூல்களும் இடம் தருகின்றன. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் உம்மத் அல்லவா நாம்?

இன்று தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில்தான். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு 99.6 சதவீதம் என்கிறது. இருந்தும் முன்னோர் வழி என்று வீட்டுப் பிரசவத்தைப் புகழும் பேச்சு மறுபடி கிளம்பியிருக்கிறது. 2018-ல் திருப்பூரில் வீடியோ பார்த்து வீட்டிலேயே நடத்திய பிரசவத்தில் ஒரு தாய் இறந்துபோனார். நம் முன்னோர் வீட்டிலாவது எல்லை தெரிந்த ஒரு மருத்துவச்சி இருந்தாள்.

ஷஹீதின் பதவி அல்லாஹ் கொடுப்பது. அவளை உயிரோடு காக்க முயல்வது நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். எந்த ஆஸ்பத்திரி, எந்த வாகனம், உடன் போவது யார் என்பதை மாதம் நிறையும் முன்பே கணவனும் மாமியாரும் முடிவு செய்து வைக்கட்டும். அந்த அமானிதத்தைப் பேண அல்லாஹ் நம் அனைவருக்கும் தௌஃபீக் செய்வானாக! ஆமீன்.