ஆளைப் பார்த்து விலை

வாய்ஸ் டாட் காம் என்ற ஒற்றை இணையப் பெயர் 2019-இல் 3 கோடி டாலருக்கு விலைபோனது. பிசினஸ் டாட் காம் 1997-இல் ஒன்றரை லட்சம் டாலர், இரண்டே வருடத்தில் 75 லட்சம். இப்படிப்பட்ட செய்தியைப் படித்துவிட்டு இரவோடு இரவாகப் பத்துப் பெயர் பதிந்துவைப்பவர்கள் உண்டு. விற்காத பெயர்களைப் பற்றி எந்தப் பத்திரிகையும் எழுதாது.

நானும் இப்படிச் சில இணையப் பெயர்களை, அதாவது டொமைன்களை, பதிந்து வைத்திருக்கிறேன். சொந்தம் என்று சொல்லிக்கொள்ள முடியாது. டாட் காம் பெயரை ஒரே மூச்சில் அதிகபட்சம் 10 ஆண்டுக்குத்தான் பதியலாம், பிறகும் புதுப்பிக்க வேண்டும். கட்டாமல் விட்டால் கொஞ்ச நாள் பொறுப்பார்கள், அபராதத்தோடு மீட்க 30 நாள் தருவார்கள், அப்புறம் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். பெயருக்கு வருடம் ஆயிரம் ரூபாய் முன்பின் ஆகும். 100 பெயர் வைத்திருப்பவருக்கு வருடம் லட்ச ரூபாய். நூற்றில் ஒன்றிரண்டு விற்றாலே நல்ல வருடம் என்பார்கள் இந்தத் தொழிலில் பழகியவர்கள்.

பணக்கணக்கு இவ்வளவுதான். எனக்கு உறுத்துவது வேறு. இன்னொருவருக்குத் தேவை வரும் என்று காத்திருந்து, அந்தத் தேவையின் அளவுக்கு விலை வைப்பது நியாயமா?

அடுத்தவர் பிராண்டைப் பதிந்துகொண்டு பேரம் பேசுவது பற்றிக் குழப்பமே இல்லை. இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு 1999-இலேயே அதற்கென்று தீர்வு முறை கொண்டுவந்தது. 2004-இல் சத்யம் இன்ஃபோவே வழக்கில் நம் உச்ச நீதிமன்றமும், வணிகப் பெயருக்குள்ள பாதுகாப்பு டொமைனுக்கும் உண்டு என்றது. ஜியோவும் ஹாட்ஸ்டாரும் இணையக்கூடும் என்று முன்கூட்டியே ஊகித்து, இரண்டு பெயரையும் சேர்த்துப் பதிந்துவைத்தார் ஒரு டெல்லி இளைஞர். 2024-இல் அதற்கு ஈடாக கேம்பிரிட்ஜ் படிப்புச் செலவைக் கேட்டார். கிடைக்கவில்லை. அவருடைய ஊகத்தை நான் மெச்சுகிறேன். ஆனால் அந்தப் பெயரின் மதிப்பில் அவர் உண்டாக்கியது ஒன்றுமில்லை.

சரி, யாருடைய பிராண்டும் அல்லாத சாதாரணச் சொல்லில் நான் மட்டும் என்ன உண்டாக்கினேன்? முதலில் கைவைத்தேன், அவ்வளவே. நிலத்துக்காவது அரசு வழிகாட்டு மதிப்பு என்று ஒன்று இருக்கிறது. இங்கே அதுவும் கிடையாது. விசாரித்து மின்னஞ்சல் வந்தால் முதலில் ஆள் யாரென்று தேடிப் பார், முதலீடு திரட்டிய கம்பெனி என்றால் ஒரு சைபர் சேர்த்துச் சொல் என்பதுதான் இந்தத் தொழிலின் பாலபாடம். தப்பென்று சட்டம் சொல்லாது. இருந்தாலும் நான் அப்படிச் செய்வதில்லை. எல்லாப் பெயருக்கும் முன்கூட்டியே ஒரு விலை எழுதிப் போட்டுவிடுகிறேன். பெரிய நிறுவனம் ஒன்று சல்லிசாக வாங்கிப் போகலாம். போகட்டும்.

வீட்டிலிருந்தே மசாலாப்பொடி விற்கும் ஒரு பெண்மணி, என்னிடமிருந்த ஒரு பெயரைக் கேட்டு ஒருமுறை அழைத்தார். எழுதிப் போட்ட விலையையே சொன்னேன். "அவ்வளவுக்கு நான் எத்தனை கிலோ அரைக்கணும் சார்!" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டார். அதே பெயரை டாட் இன் முடிவோடு சில நூறு ரூபாய்க்குப் பதிந்துகொண்டார். ஆர்டர்கள் பெரும்பாலும் வாட்ஸப்பில்தான் வருகின்றனவாம்.