31 ஏடுகள், ஒரே வளையம்

திருவாலங்காட்டுத் தம்பியே, தங்கையே! டிப்ளமோ முடித்து ஆலைக்கு வேலைக்குப் போகிறாய். “நாலு ஹைஸ்பீடு கேமராவை ஒரே கம்ப்யூட்டரில் இணைக்கணும், என்ன கார்டு வாங்கலாம்?” என்று மேலாளர் கேட்டதும் ஏன் தலையைக் குனிந்துகொள்கிறாய்? ஆங்கிலம் பேசுகிறவன் பதில் சொல்லட்டும் என்றா? நிமிர்ந்து நில்! இதற்கு விடை ஆங்கிலத்தில் இல்லை, பெருக்கலில் இருக்கிறது.

போடு கணக்கை! 5 மெகாபிக்சல் கருப்பு வெள்ளைக் கேமரா. ஒரு படத்தில் 50 லட்சம் புள்ளிகள், புள்ளிக்கு ஒரு பைட். நொடிக்கு 75 படம் என்றால் 37.5 கோடி பைட். நான்கு கேமராவுக்கு 150 கோடி!

ஒரு கிகாபிட் நெட்வொர்க் கேபிளில் நொடிக்கு 12.5 கோடி பைட்டுக்கு மேல் போகாது. ஒரே ஒரு கேமராவுக்கே அது போதாது. 5 கிகாபிட் யுஎஸ்பி ஒரு கேமராவைத் தாங்கும், இரண்டைத் தாங்காது. கார்டில் நான்கு துளை இருப்பதைப் பார்த்து ஏமாறாதே! நான்குக்கும் பின்னால் கன்ட்ரோலர் ஒன்றா, நான்கா என்று கேள். அந்த யுஎஸ்பி கேபிளும் சில மீட்டர்தான் தாங்கும். கேமரா தூரத்தில் இருந்தால் 10 கிகாபிட் ஈதர்நெட்டையோ கோஆக்ஸ்பிரஸையோ பார்.

அடுத்து மதர்போர்டு. மூன்றாம் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸில் ஒரு லேன், அதாவது ஒரு தரவுத் தடம், நொடிக்குச் சுமார் 98 கோடி பைட் தாங்கும். உனக்கு வேண்டியது 150 கோடி. நான்கு லேன் உள்ள ஸ்லாட்டில் கார்டைச் செருகு. ஸ்லாட் நீளமாக இருப்பதால் மட்டும் லேன் அதிகம் என்று எண்ணாதே, மதர்போர்டு கையேட்டைப் படி. படங்களைப் பதிவு செய்வதானால் சாட்டா எஸ்எஸ்டி திணறும், என்விஎம்இ வேண்டும். ஒரு மணி நேரப் பதிவுக்கே 5.4 டெராபைட் இடம் வேண்டும்.

மொத்தப் பாரத்தையும் பாதை தாங்குமா என்று பார்க்கும் இந்தப் பாடம் உனக்குப் புதிதா? 1905இல் உன் ஊரில் கிடைத்த ராஜேந்திர சோழன் செப்பேடுகளை நினைத்துப் பார். 31 ஏடுகளைக் கோத்துப் பிடித்தது சோழ முத்திரை பதித்த ஒரே வளையம். ஒவ்வோர் ஏடும் எவ்வளவு உறுதியானாலும், மொத்தப் பாரத்தையும் வளையம் தாங்க வேண்டும். வளையம் வார்த்த கொல்லன் அந்தப் பாரத்தை எடைபோட்டுத்தான் வார்த்திருப்பான். உன் கேமராக்கள் ஏடுகள். கேபிள், கன்ட்ரோலர், ஸ்லாட், எஸ்எஸ்டி எல்லாம் வளையம். விலை உயர்ந்த கேமராவை வாங்கிவிட்டு வளையத்தில் கஞ்சத்தனம் செய்தால் படங்கள் வழியிலேயே உதிரும். பொருளைச் சோதிக்கத்தானே இந்தக் கேமராக்கள்? படம் உதிர்ந்தால் பழுதான பொருள் கண்ணில் படாமல் லாரி ஏறிவிடும்.

தெரியாததைத் தெரியாது என்று சொல், வெட்கமில்லை. தெரிந்த கணக்கைச் சொல்லாமல் வாய்மூடி நிற்பதுதான் வெட்கம். இன்றிரவே ஒரு தாளை எடு. புள்ளி, படம், கேமரா மூன்றையும் பெருக்கு. வரும் எண்ணைப் பாதையின் ஒவ்வொரு கண்ணியோடும் ஒப்பிடு. நாளைக்குக் கூட்டத்தில் அந்தத் தாளோடு எழுந்து நின்று, முதல் ஆளாக நீ பேசு!